துறைமுகம் இல்லாத ஊருக்கு வந்த துறைமுக மது

யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாடினார். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலருக்கு யவனச் சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. ஆனால் அத்தேறலைக் கப்பலிலிருந்து இறக்கிக் கரைசேர்த்த கைகள் யாருடையவை? பாட்டும் சொல்லவில்லை, பானைச் சில்லும் சொல்லவில்லை. இதே வினாவைப் பிற்காலத்து மது ஒன்றை முன்வைத்து எழுப்பினால், விடை நம்மை இராயபுரத்திற்கு அழைத்துச் செல்கிறது.

அம்மது, போர்த்துகல் நாட்டுப் போர்ட் ஒயின். போர்த்தோ நகரின் பெயரால் வழங்குவது. அச்சொல்லுக்குத் துறைமுகம் என்றே பொருள். டெய்லர் (1692), சாண்டிமன் (1790) முதலிய வணிக இல்லங்கள் இன்றும் அதனை ஆக்குகின்றன. அதற்குரிய கொடிமுந்திரி டூரோ ஆற்றங்கரைச் சரிவுகளில் விளைகிறது. அந்நிலத்தின் எல்லையை 1756இலேயே பொம்பால் பிரபு வரையறுத்துவிட்டார். தகடு தகடாகப் பிளக்கும் பாறையைப் படிப்படியாக வெட்டிக் கொடி நட்டனர். பிளவுகளின் வழியே வேர் ஆழச் சென்று நீர் தேடும். பகலில் வாங்கிய வெப்பத்தைப் பாறை இரவிலும் விடாது வைத்திருக்கும்.

செப்டம்பர் மாதத்தை ஒட்டி அறுவடை. பறித்த பழங்களைக் கருங்கல் தொட்டியிலிட்டு, தோளோடு தோள் கோத்து மணிக்கணக்கில் மிதிப்பர். செந்நிறம் தோலில் இருப்பதால், குறுகிய காலத்திற்குள் அதனைச் சாற்றில் இறக்கியாக வேண்டும். ஏனெனில் இனிப்பில் ஏறத்தாழப் பாதி நொதித்ததுமே, நான்கு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவில் திராட்சைச் சாராயம் சேர்ப்பர். நொதித்தல் நின்றுவிடும், இனிப்பும் எஞ்சும். ஏறத்தாழ 20 விழுக்காடு சாராயம் கொண்ட அம்மது நெடுங்கடலையும் தாங்கும். இன்று அவ்வில்லங்களில் சில, சாராயம் சேர்க்காமல் முழுதும் நொதிக்கவிட்ட செவ்வொயினும் ஆக்குகின்றன.

ஏறத்தாழ 550 லிட்டர் பீப்பாய்களை ரபெலோ என்னும் படகுகளில் ஏற்றி, பாறைகளும் சுழல்களும் நிறைந்த டூரோ வழியே போர்த்தோவின் எதிர்க்கரைக் கிடங்குகளுக்குக் கொண்டுவந்தனர். மதுப்பயணத்தின் ஒரு முனை இது.

மறுமுனை நம் கடற்கரை. மெதீராவும் கிளாரெட்டும் போர்ட்டும் புழங்கிய ஆங்கிலேயரின் சென்னைக்கு நெடுங்காலம் துறைமுகமே இல்லை. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். சரக்குகளை மசூலாப் படகுகளே கரைசேர்க்கும். ஆணி அடித்த பலகை அலை மோதினால் பிளந்துவிடும் என்பதால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து அப்படகுகளைக் கட்டினர். அவற்றைச் செலுத்திய படகோட்டிகளின் குடியிருப்பாக வளர்ந்ததே இராயபுரம். அவர்கள் வணங்கிய புனித இராயப்பரின் பெயரே ஊருக்கு அமைந்தது என்பர். தாம் சுமந்தது எந்நாட்டு மது, எவ்வில்லத்தின் முத்திரை என்றெல்லாம் அவர்கள் எழுதிவைக்கவில்லை. எழுதும் இடத்தில் இருந்தவர்களோ அவர்களின் பெயர்களைக் கேட்கவில்லை.

1870களில் சென்னையில் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கின, 1881 புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கப்பல் துறைக்குள் வரவர, மசூலாவின் தேவை குறைந்தது. டூரோவிலும் இருப்புப்பாதையும் அணைகளும் வந்து, 1960களோடு ரபெலோவின் தொழில் முடிந்தது. ஆயினும் போர்த்தோவின் மது இல்லங்கள் அப்படகுகளைப் பேணுகின்றன. ஆண்டுதோறும் ஜூன் 24 அன்று போட்டியும் நடத்துகின்றன. சென்னைக் கரையின் மசூலாவோ, பழைய ஓவியங்களிலும் வெள்ளையரின் பயணக் குறிப்புகளிலும்தான் பெரும்பாலும் எஞ்சியுள்ளது.

யவனத் தேறலைப் பாட நமக்கு ஒரு நக்கீரர் இருந்தார். இராயபுரத்துப் படகோட்டிகளின் வழித்தோன்றல்களிடம் எஞ்சியுள்ள வாய்மொழிச் செய்திகளையேனும், அவை மறையுமுன் தொகுத்து வைப்பது தமிழ் பயில்வோராகிய நம் கடமையன்றோ?