மைலேஜ் ஸ்டிக்கர் இல்லாத வண்டி: அமெரிக்க டீசல் பிக்கப்புகளின் கதை

அமெரிக்காவில் புதுக் கார் வாங்கப் போனால் ஜன்னல் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஒரு காலனுக்கு ஊருக்குள் எத்தனை மைல், நெடுஞ்சாலையில் எத்தனை மைல் என்று அதில் போட்டிருக்கும். ஒட்ட வேண்டியது சட்டப்படி கட்டாயம். ஆனால் அதே ஷோரூமில் நிற்கும் பெரிய டீசல் பிக்கப்பில் இந்த மைலேஜ் எண்ணைத் தேடினாலும் கிடைக்காது. வண்டியின் எடையும் அது சுமக்கக்கூடிய சுமையும் சேர்ந்து 8,500 பவுண்டைத் (சுமார் 3,850 கிலோ) தாண்டினால், பிக்கப்புகளுக்கு அந்த விதி பொருந்தாது.

வேடிக்கை என்னவென்றால், மைலேஜ் விவரம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள்தான் இந்த வண்டியை வாங்குகிறார்கள். மாடு ஏற்றிய டிரெய்லரை இழுக்கும் பண்ணைக்காரர், மண் தோண்டும் இயந்திரத்தைக் கட்டி இழுக்கும் சிறு கான்ட்ராக்டர், வெல்டிங் மெஷினைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வெல்டர்... வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். கம்பெனியோ அரசாங்கமோ எண்ணைத் தராததால் இவர்களே கணக்கு எழுத ஆரம்பித்தார்கள். டேங்க் நிரப்பும்போதெல்லாம் மைலையும் காலனையும் குறித்து வைப்பது, எந்தப் பாகம் எத்தனையாவது மைலில் போனது என்று நினைவில் வைத்திருப்பது, வாங்கப் போகிறவனுக்குச் சொல்வது. அமெரிக்க டீசல் பிக்கப்பின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கணக்கு நோட்டுகளில்தான் இருக்கிறது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில், ஏன் டீசல்?

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைத்துப் பற்றவைக்கிறார்கள். டீசலில் காற்றை நன்றாக அழுத்திச் சூடாக்கி, அதில் எண்ணெயைத் தெளித்ததும் தானாகப் பற்றிக்கொள்கிறது. அழுத்தம் அதிகம் என்பதால் கிடைக்கும் சூட்டில் கூடுதல் பங்கு வேலையாக மாறுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஒரு லிட்டர் டீசலில் சக்தியும் சுமார் 13 சதவீதம் அதிகம். பாரம் ஏற ஏற இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக, உறுதியாக இருக்க வேண்டும். பின்னால் வந்த எல்லாத் தகராறுக்கும் வேர் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

முதல் கோணல்

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கர்களுக்கு மைலேஜ் மீது திடீர் பாசம் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1978 மாடலில் ஓல்ட்ஸ்மொபைல் பிரிவின் 5.7 லிட்டர் வி-8 டீசலை இறக்கியது. கார்களில் மட்டுமல்ல, சிறிய பிக்கப்புகளிலும் இது வந்தது. எஞ்சின் பிளாக்கை டீசலுக்காகக் கெட்டியாக்கினார்கள். ஆனால் சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் அமைப்பு பெட்ரோல் எஞ்சினில் இருந்ததுதான். அழுத்தம் தாங்காமல் போல்ட் நீண்டது, ஹெட் கேஸ்கட் போனது, கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கியது. டீசலில் கலந்த தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வடிகட்டியும் வைக்கவில்லை. அதனால் பம்பும் இன்ஜெக்டரும் துருப்பிடித்தன. 1985-ல் இந்த எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். ஆனால் “டீசலா, வேண்டாம்ப்பா” என்ற எண்ணம் அமெரிக்கக் கார் வாங்குவோரிடம் வெகுகாலம் தங்கிவிட்டது.

பிக்கப் வாங்குவோர் மட்டும் டீசலைக் கைவிடவில்லை. 1983 மாடல் ஃபோர்டில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 6.9 லிட்டர் டீசல் வந்தது. (இந்த நிறுவனம்தான் 1986-ல் நேவிஸ்டார் என்று பெயர் மாறியது.) 1988-ல் அதே எஞ்சின் 7.3 லிட்டர் ஆனது. வேகம் இல்லாவிட்டாலும் உழைக்கும். இதற்கும் ஒரு நோய் உண்டு. சிலிண்டர் சுவர் அதிரும்போது கூலன்டில் நுண்ணிய குமிழிகள் உருவாகி உடையும். உடையும் வேகத்தில் அவை இரும்பைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். கூலன்டில் ஒரு மருந்து கலந்து வந்தால் தடுக்கலாம். கலந்தவர்களின் வண்டி ஓடியது, கலக்காதவர்கள் எஞ்சினை மாற்றினார்கள். ஒரே எஞ்சினைப் பற்றி இரண்டு பேர் நேர் எதிராகப் பேசுவது அப்போதே ஆரம்பமாகிவிட்டது.

டிராக்டர் எஞ்சின் பிக்கப்புக்கு வந்தது

1980களின் கடைசியில் டாட்ஜ் பிக்கப்பின் அடிப்படை வடிவம் 1972-ல் வந்தது. விற்பனையில் ஃபோர்டும் ஷெவர்லேயும் எங்கோ போய்விட்டன. அந்த நிலையில் கம்மின்ஸின் 5.9 லிட்டர், 6 சிலிண்டர் எஞ்சினை 1989 மாடலில் பொருத்தினார்கள். இது பிக்கப்புக்கென்று வடிவமைத்த எஞ்சினே அல்ல. பண்ணை இயந்திரங்கள் செய்யும் கேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து கம்மின்ஸ் உருவாக்கியது. எடை 450 கிலோவை ஒட்டி. 160 குதிரைத்திறன்தான், ஆனால் இழுவிசை 400 பவுண்டு-அடி. அன்றைய போட்டி எஞ்சின்கள் எண்ணெயைப் பக்க அறையில் தெளித்துப் பற்றவைத்தன. இது நேராக சிலிண்டருக்குள் தெளித்தது, டர்போவும் இருந்தது.

1998 வரை வந்த 12 வால்வு கம்மின்ஸ் பற்றி உரிமையாளர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். லோடு இல்லாமல் நெடுஞ்சாலையில் காலனுக்கு 18 முதல் 20 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டரை ஒட்டி. பம்ப் முழுக்க மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் இல்லை. ஸ்டார்ட் ஆகிவிட்டால் எண்ணெயை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்றுக்குத்தான் கரன்ட் தேவை. வண்டியின் தகரம் துருப்பிடித்து உதிர்ந்த பிறகும் எஞ்சினைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டுவார்கள்.

இதிலும் ஒரு யமன் உண்டு. டைமிங் கியர் பெட்டியைச் சரியான இடத்தில் உட்கார வைக்க ஒரு சின்னப் பின் அடித்திருப்பார்கள். வருடக்கணக்கான அதிர்வில் அது மெல்ல நழுவி கியர்களுக்குள் விழும். விழுந்தால் பெட்டி உடையும், சில நேரம் எஞ்சினே போய்விடும். உரிமையாளர்கள் வைத்த பெயர் “கொலைகாரப் பின்”. மருந்தும் எளிது: பின்னுக்கு முன்னால் ஒரு சின்ன இரும்புத் தகட்டை போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் போதும்.

7.3-ம் 6.0-ம்

1994-ல் ஃபோர்டில் நேவிஸ்டாரின் புது 7.3 பவர் ஸ்ட்ரோக் வந்தது. பெயரில் அதே 7.3, ஆனால் எஞ்சின் வேறு. எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தை வைத்து இன்ஜெக்டரை இயக்கும் முறை இது. ஒரு தடவை ஆயில் மாற்ற 14 லிட்டர் வேண்டும். பரவாயில்லை, மாற்றினால் ஓடும். இதன் பிரபலமான குறை கேம்ஷாஃப்ட் சென்சார். அது போனால் ஓடும் வண்டி அப்படியே நின்றுவிடும். எனவே விவரம் தெரிந்தவர்கள் டாஷ்போர்டு பெட்டியில் ஒரு உபரி சென்சாரும் ஒரு ஸ்பானரும் வைத்திருப்பார்கள். 2007-ல் ஃபோர்டே இந்தச் சென்சாருக்காக வண்டிகளைத் திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தது.

2003-ல் 7.3 போய் 6.0 வந்தது. சிறிய எஞ்சின், 325 குதிரைத்திறன், குறைந்த புகை. காகிதத்தில் எல்லாமே முன்னேற்றம்தான். நடந்தது வேறு. ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் நுண்ணிய வழிகளில் கூலன்டின் கசடு அடைத்தது. அதனால் அதற்கு அடுத்துள்ள புகைக் கூலருக்குப் போதுமான கூலன்ட் போகவில்லை. அது சூடாகி வெடிப்பு விட்டது. கூலன்ட் எஞ்சினுக்குள் புகுந்து அழுத்தம் எகிறியது. சிலிண்டரைச் சுற்றி 4 போல்ட்டுகளே இருந்த ஹெட் தூக்கிக்கொண்டது. கேஸ்கட் போயிற்று. இன்ஜெக்டர்களுக்கு 48 வோல்ட் தரும் மின்பெட்டி, பேட்டரி பலவீனமானால் தானும் சாகும். ஒன்று போனால் வரிசையாக எல்லாம் போகும்.

வாரன்டிச் செலவு யார் தலையில் என்று சண்டை வந்தது. 2007 ஜனவரியில் ஃபோர்டு நேவிஸ்டார் மீது வழக்குப் போட்டது. 2009 ஜனவரியில் சமரசம். அந்த ஆண்டுக் கடைசியோடு பிக்கப் டீசல் உறவு முறிந்தது. 2011 மாடலில் ஃபோர்டு தன் சொந்த 6.7 எஞ்சினோடு வந்தது.

பெரிய கம்பெனிகள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்துக்கொண்டன. வாரன்டி முடிந்த பிறகு ஹெட் தூக்கிய கான்ட்ராக்டர் எங்கே போவார்? பட்டறைக்குத்தான். போல்ட்டைக் கழற்றி உறுதியான ஸ்டட் போடுவது, கூலரை மாற்றுவது என்று சிறு பட்டறைகள் இதற்கென்றே ஒரு வைத்தியத்தை உருவாக்கின. இப்படிச் சரிசெய்த 6.0 நன்றாகவே உழைக்கிறது என்பவர்களும் நிறைய.

ஜெனரல் மோட்டார்ஸும் தப்பவில்லை. இசுஸூவோடு சேர்ந்து 2001-ல் கொண்டுவந்த டியூராமேக்ஸ் எஞ்சின் அமைதியானது, வேகமானது. ஆனால் முதல் மாடல்களில் இன்ஜெக்டர் விரிசல் விட்டு டீசல் ஆயிலில் கலந்தது. கடைசியில் 7 வருடம் அல்லது 2,00,000 மைல் வரை இன்ஜெக்டருக்குத் தனிப் பாதுகாப்பு கொடுக்க வேண்டியதாயிற்று.

புகையும் மைலேஜும்

புது எஞ்சின்கள் ஏன் இவ்வளவு சிக்கலாயின? இதற்கு இன்னொரு கதையைச் சொல்ல வேண்டும். எஞ்சினுக்குள் சூடு கூடினால் மைலேஜ் கூடும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், நகரங்களில் நச்சுப் புகைமூட்டத்தை உண்டாக்கும் வாயு அது. மைலேஜும் சுத்தமான காற்றும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

இந்தக் கயிறு இழுப்பில் 1998-லேயே ஒரு குட்டு வெளிப்பட்டது. கனரக டீசல் எஞ்சின் செய்யும் பெரிய கம்பெனிகள், சோதனையில் சுத்தமாகவும் நெடுஞ்சாலையில் மைலேஜுக்காக அதிகப் புகை விடுமாறும் எஞ்சின் கம்ப்யூட்டரை அமைத்திருந்தன என்று அரசு குற்றம் சாட்டியது. கேட்டர்பில்லர், கம்மின்ஸ், நேவிஸ்டார் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. விதிகள் இறுகின. 2006-ல் டீசலில் கந்தகத்தின் அளவை 500-லிருந்து 15 பிபிஎம்முக்குக் குறைத்தார்கள். 2007 முதல் துகள் வெளியீடு பத்தில் ஒரு பங்காக வேண்டும் என்று விதி வந்தது.

புகைக்குழாயில் ஒரு துகள் வடிகட்டி வந்தது. அதில் சேரும் கரியை எரிக்க அவ்வப்போது கூடுதல் டீசல் செலவாகும். அந்தக் கூடுதல் டீசலில் கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். 2008-2010 ஃபோர்டு 6.4 வைத்திருந்தவர்களின் புலம்பல் இதுதான். காலனுக்கு 10 முதல் 14 மைல் என்பதே பலரின் கணக்கு. பழைய வண்டியே தேவலை என்றார்கள். பிறகு யூரியா கரைசலைத் தெளித்து வாயுவை வெளியே சுத்தம் செய்யும் முறை வந்தது. எஞ்சினை மறுபடி சூடாக ஓட்டலாம் என்பதால் மைலேஜும் ஓரளவு மீண்டது. ஆனால் யூரியா தீர்ந்தாலோ அதன் சென்சார் கெட்டாலோ வண்டி தானாக வேகத்தைக் குறைத்து ஊர்ந்து போகும். அறுவடை நேரத்தில் இப்படி நின்றால் எப்படி இருக்கும்? இந்தக் கோபம் வளர்ந்து, 2025 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் துறையே திடீர் வேகக் குறைப்பைத் தளர்த்த வழிகாட்டுதல் வெளியிட்டது.

பலர் அதுவரை காத்திருக்கவில்லை. வடிகட்டியைக் கழற்றி எறிந்தார்கள். சட்டப்படி குற்றம். பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இப்படி நடந்திருப்பதாக 2020-ல் சுற்றுச்சூழல் துறை மதிப்பிட்டது. கூடுதலாக 90 லட்சம் பிக்கப்புகளைச் சாலையில் விட்டதற்குச் சமமான புகை அது. கம்பெனிகளும் யோக்கியம் இல்லை. ராம் பிக்கப் எஞ்சின்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வைத்ததாக எழுந்த வழக்கில், கம்மின்ஸ் 2023 டிசம்பரில் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. 1998 பட்டியலில் இருந்த அதே கம்மின்ஸ்.

நோட்டைப் படிப்பது எப்படி?

உரிமையாளர் சொல்வதை அப்படியே நம்பலாமா? கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். பெரிய டயர் மாட்டியவரின் மீட்டர் குறைவான மைல் காட்டும், அவர் கணக்கில் மைலேஜ் குறையும். டாஷ்போர்டு எண் ஒன்று, டேங்க் நிரப்பிப் போட்ட கணக்கு இன்னொன்று. வண்டி நின்றவர் ஊரையே கூட்டுவார், ஓடுகிறவர் ஓட்டிக்கொண்டே இருப்பார். இன்று சாலையில் ஓடும் 7.3 எல்லாம் பிழைத்துக் கிடந்தவை. செத்தவை பேசாது.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினுக்கு 9,000 டாலர் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி காலனுக்கு 10 மைல், டீசல் வண்டி 15 மைல். பெட்ரோல் மூன்றரை டாலர், டீசல் நான்கு டாலர். மைலுக்கு 8 சென்ட் சொச்சம் மிச்சமாகும். போட்ட பணத்தை எடுக்க 1,08,000 மைல் ஓட வேண்டும். யூரியா, வடிகட்டி, கூடுதல் ஆயில் எல்லாம் தனி. 2004 வாக்கிலிருந்து அமெரிக்காவில் பெரும்பாலும் டீசல்தான் பெட்ரோலைவிட விலை அதிகம். 2008 ஜூலையில் காலன் 4.76 டாலர் வரை போனது. நிறைய ஓடுகிறவருக்கும் பாரம் இழுக்கிறவருக்கும் டீசல் கட்டுப்படியாகும். மற்றவர்களுக்கு அது ஆசைதான்.

ஃபோர்டு இதைப் புரிந்துகொண்டதோ என்னவோ, 2020 மாடலில் பெரிய பிக்கப்புகளுக்கு ஒரு புது எஞ்சினைக் கொண்டுவந்தது. இரும்பு பிளாக், பழைய பாணி அமைப்பு, டர்போ கிடையாது. அளவு 7.3 லிட்டர். எரிபொருள், பெட்ரோல்!

பழைய எஞ்சின்களை இவர்கள் நேசித்ததற்குக் காரணம் அவை கெடாதவை என்பதல்ல. கொலைகாரப் பின்னும் கேம் சென்சாரும் கெட்டவைதான். ஆனால் என்ன கெடும் என்று தெரியும், கெட்டால் வழியோரத்தில் தானே சரிசெய்ய முடியும். அந்தத் தைரியத்தைத்தான் இவர்கள் “நம்பகத்தன்மை” என்கிறார்கள். சுத்தமான காற்றும் அவசியம்தான், அவர்கள் பிள்ளைகளும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். அந்தச் செலவில் பெரும்பங்கை, வண்டி நின்றால் வருமானம் நிற்கும் மனிதனின் தலையில் கட்டியதுதான் இந்த வரலாற்றின் தீராத கணக்கு.