மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகை

மூன்று வயதுக் குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று தேடுகிற பெற்றோர் கண்ணில் அடிக்கடி படும் பெயர் மாண்டிசோரி. கட்டணம் உயர்ந்த பள்ளிக்கு அடையாளமாகவே அது இன்று நிற்கிறது. ஆனால் அது பிறந்த இடம் ஏழைகளின் குடியிருப்பு. ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், வேலைக்குப் போகும் பெற்றோர் விட்டுச்சென்ற குழந்தைகள் மாடிப்படிகளையும் சுவர்களையும் பாழாக்குவதைத் தடுக்கக் கட்டட நிறுவனம் ஓர் அறையை ஒதுக்கியது. அதை நடத்தும் பொறுப்பு மருத்துவரான மரியா மாண்டிசோரியிடம் வந்தது. 1907 ஜனவரி 6ஆம் தேதி அந்தக் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக உருவான கருவிகளை அவர் அங்கே பயன்படுத்தினார். தண்ணீர் ஊற்றுவது, பெருக்குவது, பொத்தான் போடுவது ஆகியவையும் பாடங்களாயின. எழுத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டவர்கள் தாய்மார்கள்தான். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய நாலைந்து வயதுப் பிள்ளைகள் சில மாதங்களில் எழுதத் தொடங்கினார்கள். அந்த வெற்றிக்குக் காரணம் கையின் பயிற்சியும், குறுக்கிடாமல் கவனித்த பெரியவர்களும்தான் என்பது என் முடிவு. பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பார்க்க வேண்டியவையும் இந்த இரண்டுமே.

சென்னையின் வரலாறும் இதையே சொல்கிறது. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்ததன்பேரில் 1939இல் மாண்டிசோரி அடையாறு வந்தபோது அவருக்கு வயது 69. முன்னூறுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெறக் கூடினார்கள். அவர்களுக்காகக் கீற்றுக் குடிசைகள் எழுந்தன. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கிலேய அரசு அவருடைய மகன் மரியோவை முகாமில் அடைத்தது. தாயின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி விடுவித்தது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்து, 1946இல்தான் மாண்டிசோரி ஐரோப்பா திரும்பினார். இத்தனை ஆண்டுகளிலும் அவர் பெரிதும் ஈடுபட்ட வேலை ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது. மணலில் விரலால் எழுத்துப் பழகுவது நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் அந்த வழக்கத்தை எழும்பூர் அநாதை விடுதிப் பள்ளிக்கே கொண்டுபோனார். ஆக, கருவியில் பெரிய புதுமை இல்லை. பிரம்பு இல்லாமல், குழந்தையின் வேகத்துக்குக் காத்திருக்கத் தெரிந்த ஆசிரியர்தான் புதுமை. பின்னாளில் அந்த ஆசிரியர் மறைந்து பெயர் மட்டும் பல இடங்களில் மிஞ்சியது. மாண்டிசோரி என்பது யாருக்கும் உரிமையான வணிகப் பெயர் அல்ல என்று அமெரிக்காவில் 1967இல் தீர்ப்பே வந்துவிட்டது.

விளையாடவிட்டால் ஒன்றாம் வகுப்பில் பிள்ளை பின்தங்கிவிடுமே என்ற அச்சம் நியாயமானது. சேர்க்கைக்கு நேர்காணல் வைத்த பள்ளிகள்தாம் அதை வளர்த்தன. சிறு குழந்தைகளுக்கு அப்படித் தேர்வு வைப்பதை நிறுத்த வேண்டும் என்று, பள்ளிப் பாடச்சுமையை ஆராய மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993இலேயே பரிந்துரைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வடிகட்டும் முறையையும் நன்கொடையையும் தடை செய்தது. எல்.கே.ஜி. பிள்ளைக்குப் புள்ளிக்கோட்டு வீட்டுப்பாடம் கொடுப்பதை இனி எந்த நுழைவுத் தேர்வின் பெயரைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. சான் லொரென்சோ குழந்தைகள் எழுதவும் செய்தார்கள். விரல்கள் பழகிய பிறகு எழுதினார்கள்.

பால்வாடி எனப்படும் அங்கன்வாடி சோறு போடும் இடம்தானே என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைகள்வரை எட்டியது. பசியாறிய குழந்தைதான் கற்கும் என்பதால் அதைக் கல்வியிலிருந்து பிரிக்க முடியாது. எடை பார்ப்பது, பதிவேடு, உணவு என்று ஒரே பணியாளர்மீது எல்லாம் விழுவதால் கற்பித்தலுக்கு நேரம் சுருங்குகிறது என்பது உண்மையான குறை. நல்ல பணியாளர் வாய்த்த அங்கன்வாடியை, பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத தனியார் பள்ளியைவிட நான் மேலாகவே மதிப்பேன்.

எனவே பணம் கட்டும் முன் வகுப்பறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் எங்கே பயிற்சி பெற்றார், எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். குழந்தைகளின் கைகள் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். அனுமதி மறுக்கும் பள்ளியை, பலகையில் யார் பெயர் இருந்தாலும், விட்டுவிடுங்கள்.