'கிறிஸ்து' என்பது இயேசுவின் குடும்பப் பெயரா?

இல்லை, அது பட்டம். எபிரேய 'மேசியா'வின் கிரேக்க வடிவம்; அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள்.

அப்போ ஊர்ல எப்படி அடையாளம் சொன்னாங்க? அப்பா பெயர், ஊர் பெயர் வெச்சுதான். யோவான் 1:45-இல் அவர் நாசரேத்து ஊரைச் சேர்ந்த யோசேப்பின் மகன். நம்ம இனிஷியல் மாதிரியேதான்: மைசூரில் வாழ்ந்த ஆர்.கே.நாராயணுக்கு 'ஆர்' ராசிபுரம், 'கே' அப்பா கிருஷ்ணசுவாமி.

'சேசு' வேறு பெயரா? இல்லை. தமிழ்க் கத்தோலிக்கரிடம் பழகிய வடிவம். இரண்டுக்கும் மூலம் 'யேசுவா'.

கூடப் பிறந்தவர்கள்? மாற்கு 6:3 யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என நான்கு சகோதரர்களைச் சொல்கிறது. சகோதரிகளும் உண்டு, பெயர்கள் இல்லை. உடன்பிறந்தவர்களே என்பது பெரும்பாலான புராட்டஸ்டன்ட்டுகளின் கருத்து. நெருங்கிய உறவினர்கள் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. சித்தப்பா மகனையும் நாம 'தம்பி'ன்னு சொல்ற மாதிரி.

மனைவி? நான்கு நற்செய்திகளிலும் குறிப்பே இல்லை.