தொட்டிக்குள் ஒரு கடல்



ஓங்கில் என்றும் டொல்பின் என்றும் நாம் வழங்கும் உயிரினமும், அதன் உறவினமாகிய திமிங்கிலமும் மீன்கள் அல்ல. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று, பாலூட்டும் பிராணிகள் அவை. அவற்றைப் பிடித்துக் காட்சிக்கு வைத்த மனிதன், அவை வாழ்ந்த கடலையும் உடன் கொண்டுவர முயன்ற வரலாறு ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுக் காலத்தது. அவ்வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். தொட்டிக்குள் இயற்கையை அமைக்க முற்பட்டோர் நெடுங்காலம் அமைத்தது பார்ப்பவரின் கண்ணுக்குரிய இயற்கையையே. உள்ளே வாழும் உயிருக்குரிய இயற்கையை அன்று.

1861 ஆம் ஆண்டிலே, பார்னம் என்னும் புகழ்பெற்ற காட்சி வணிகர், நியூயோர்க் நகரில் தாம் நடாத்திய காட்சிச்சாலைக்கு வெண்திமிங்கிலங்களைக் கொண்டுவந்தார். நிலக்கீழ் அறையொன்றில் கட்டிய தொட்டியில் விடப்பட்ட முதல் இரண்டும் சில நாட்களுள் மாண்டன. பின்னர் துறைமுகத்துக் கடல்நீரைக் குழாய் வழியே கொணர்வித்து, வேறு திமிங்கிலங்களை அவர் வருவித்தார். 1865 ஆம் ஆண்டு அக்கட்டடம் தீக்கிரையானபோது, தொட்டியிலிருந்த திமிங்கிலங்களும் மடிந்தன. திமிங்கிலம் வாழ நீர் இருந்தாற் போதும் என்பதே அக்காலத்து எண்ணம்.

அடுத்த பெரும் முயற்சி 1938 இல் புளோரிடாக் கரையில் நிகழ்ந்தது. உருசிய இலக்கியப் பேராசான் தோல்ஸ்தோயின் பேரராகிய இலியா தோல்ஸ்தோயும் அவர்தம் நண்பர்களும் 'மரீன் ஸ்ரூடியோஸ்' என்னும் நிலையத்தைத் திறந்துவைத்தனர். கடலடிக் காட்சிகளைத் திரைப்படமாக்குவதே அதன் முதல் நோக்கம். ஆகவே, அத்லாந்திக் சமுத்திரத்து நீர் இறைக்கப்பட்ட பெருந்தொட்டிகளிலே சுறாக்களும் ஆமைகளும் பலவகை மீன்களும் டொல்பின்களும் ஒருங்கே விடப்பட்டன. சுவரிற் பதித்த கண்ணாடிச் சாளரங்களூடே நோக்கியவர்க்கு, கடலின் ஒரு துண்டே பெயர்த்து வைக்கப்பட்டது போலத் தோன்றியது. 1947 இல் அங்கு பிறந்த டொல்பின் குட்டியொன்று பிழைத்து வளர்ந்தமை பெருஞ் சாதனையாகப் போற்றப்பட்டது.

ஆயினும், அந்நிலையம் தந்த பெரும் பேறு வேறொன்றாகும். அதன் முதற் காப்பாளரான ஆதர் மக்பிறைட், கலங்கிய நீரில், இருளிலே வலைவிரித்து டொல்பின்களைப் பிடிக்க முயன்றபோது, அவை நுண்ணிய கண்களையுடைய வலையைக் காணாமலே கண்டுகொண்டு விலகிச் செல்வதைக் கவனித்தார். வௌவாலைப் போல ஒலியின் எதிரொலியால் இவை வழியறிகின்றனவோ என அவர் ஐயுற்றார். 1947 இல் அவர் எழுதிவைத்த அக்குறிப்பு, அவர் மறைந்த பின்னர், 1956 இலேதான் அச்சேறியது. 1960 இல் கலிபோர்னியாவில், கென்னத் நொரிஸ் என்னும் அறிஞர் டொல்பின் ஒன்றின் கண்களை இறப்பர்க் கிண்ணங்களால் மூடிச் சோதித்தார். அது தடைகளில் மோதாது நீந்தியது.

இதன் பொருள் யாது? நீரிலே ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் விரைவிற் செல்கின்றது. ஆழ்கடலில் டொல்பின் எழுப்பும் ஒலி எல்லையற்ற வெளியிற் பரவும். சீமெந்துத் தொட்டியிலோ அது சுவர்களிற் பட்டு மீண்டும் மீண்டும் திரும்பும். நீரேற்று யந்திரங்களின் இரைச்சல் இரவும் பகலும் நீரினூடே கேட்கும். நம் கண்ணுக்கு எழில்மிக்க பாறையாகத் தோன்றும் வண்ணச் சுவர், செவியால் உலகை அறியும் உயிருக்கு வெறும் சுவரே.

1991 இல் சிக்காகோவின் செட் காட்சிச்சாலை திறந்த கடல்மாடம் இதற்குச் சிறந்த சான்று. பசிபிக் வடமேற்குக் கரையின் பாறைகளும் மரங்களும் அங்கே செயற்கையாக அமைக்கப்பட்டன. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மிச்சிகன் ஏரி விரிந்து கிடப்பதால், தடாகத்து நீர் ஏரியோடு கலப்பதாகவே காண்போர் மயங்குவர். வளைந்த கரைகளும் வேறுபடும் ஆழங்களும் பிராணிகளுக்கு ஓரளவு பயன்தருவன. எனினும், தொடுவானம்வரை நீளும் அந்நீர் மனிதருக்கே உரியது.

பிராணியின் தேவையை முன்வைத்த மாற்றத்தின் பயனைக் கெய்கோ என்னும் ஓர்க்காத் திமிங்கிலத்தின் கதை காட்டிற்று. 1979 இல் ஐஸ்லாந்துக் கடலிற் பிடிபட்டு, பின் மெக்சிக்கோ நகரின் சிறிய, வெதுவெதுப்பான குளத்திலே தோல்நோயுற்று வாடிய அது, 1996 இல் ஒறிகன் மாநிலத்தில் புதிதாகக் கட்டிய பெருந்தடாகத்திற்கு மாற்றப்பட்டது. குளிர்ந்த, உண்மையான கடல்நீரில் அதன் உடல் தேறியது, எடையும் கூடியது. 1998 இல் ஐஸ்லாந்தின் கிளெற்ஸ்விக் விரிகுடாவில் வலையடைப்புக்குள் விடப்பட்டு, 2002 இல் திறந்த கடலினூடே நோர்வே சென்றது. ஆயினும், மனிதரின் துணையைத் துறக்க இயலாமல், 2003 டிசெம்பரில் அங்கே இறந்தது.

அதே விரிகுடாவுக்கென 2019 இல் சாங்காய் நகரிலிருந்து இரு வெண்திமிங்கிலங்கள் கொண்டுவரப்பட்டன. 2020 இல் விரிகுடாவில் விடப்பட்ட அவை, பின்னர் உள்ளகத் தடாகத்துக்கே மீண்டும் கொண்டுசெல்லப்பட்டன. தொட்டியிலே வளர்ந்த உயிருக்கு இயற்கையும் அந்நிய நாடாகிவிடுகின்றது.

2019 இல் கனடா, திமிங்கிலங்களையும் டொல்பின்களையும் காட்சிக்காகப் புதிதாகச் சிறைவைப்பதைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால், முன்னரே சிறைப்பட்டவற்றுட் பலவற்றைக் கடலில் விடுதல் அவற்றைச் சாகவிடுதலே ஆகும். எனவே, அவற்றின் எஞ்சிய வாழ்நாளுக்குரிய உறைவிடத்தை எவ்வாறு அமைப்பது என்ற வினா தீர்ந்துவிடவில்லை. பாறைக்கு வண்ணம் தீட்டுமுன், நீரின் குளிர்ச்சியையும் ஆழத்தையும், யந்திரத்தின் ஓசையையும், உடன்வாழும் துணையையும், பார்வையாளரிடமிருந்து ஒதுங்குதற்குரிய இடத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். கடலை நாம் கட்டிவிட முடியாது. ஆனால், நாம் கட்டுவது யாருக்காக என்பதை மறவாதிருத்தல் நம்மால் இயலும்.