வான்வழி, கடல்வழிச் சரக்கு: அரிமளம் வட்டாரம்

புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் பகுதியிலிருந்து வெளிநாடு செல்லும் சரக்குக்கு அருகிலுள்ள விமான நிலையம் திருச்சியில், புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. தெற்கே, 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் கடல்வழியைத் திறக்கிறது.

திருச்சியில் சரக்கு பெரும்பாலும் பயணிகள் விமானங்களின் கீழ்த்தளத்தில் ஏறுகிறது. காய்கறி, பூ போன்றவை மறுநாளே சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ விற்பனைக்கு வந்துவிடும். பெரிய இயந்திரங்களுக்கு அங்கே இடமில்லை.

கட்டணக் கணக்கில்தான் பலர் ஏமாறுகின்றனர். விமானத்தில் 6,000 கன சென்டிமீட்டர் ஒரு கிலோவாகக் கொள்ளப்படும். உண்மை எடை, பரும எடை இரண்டில் கூடியதற்கே கட்டணம். ஒரு கன மீட்டர் இடம் பிடிக்கும் 60 கிலோ ஓலைக்கூடைகளுக்கு ஏறத்தாழ 167 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். கப்பலில் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பினால் ஒரு கன மீட்டர் ஒரு டன்னுக்குச் சமம். ஆகவே எடை மிகுந்த கருங்கல் சிற்பம், டைல்ஸ், முந்திரி மூட்டைகளுக்குக் கடலே ஏற்றது. ஆனால் சில கிலோ பொட்டலத்துக்குத் துறைமுகக் கட்டணங்களே சரக்கின் விலையை விழுங்கிவிடும்.

தூத்துக்குடிப் பெட்டகங்களில் பல கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. அங்கு தாமதம் நேரலாம். 2023 இறுதியில் தொடங்கிய செங்கடல் கப்பல் தாக்குதல்களால், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றதாலும் தாமதம் கூடியது.

கப்பல் சரக்குச்சீட்டு சரக்கின் உரிமைப் பத்திரமாகவும் செயல்படும். விமானச் சரக்குச்சீட்டு அவ்வாறன்று. பணம் வருமுன் சரக்கைக் கைவிட விரும்பாத ஏற்றுமதியாளருக்கு இது முக்கியமான வேறுபாடு.