நாளும் கணமும்: ஒரு முதன்மைத் திறவுகோலின் வரலாறு

இந்தியாவில் ஒரு நாளின் மழையளவு காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. ஜூலை 15 எனப் பதிவாகும் மழை பெரும்பாலும் 14ஆம் தேதி பெய்ததாகவே இருக்கக்கூடும். ஆயினும் வானிலையாளர் எவரும் குழம்புவதில்லை. அங்கே ‘ஜூலை 15’ என்பது காலவோட்டத்தின் ஒரு புள்ளி அன்று. பதிவேட்டின் ஒரு வரிக்கு இடப்பட்ட பெயர். நாள் வேறு, கணம் வேறு என்னும் இவ்வெளிய வேறுபாட்டுக்குத் தன் அடிப்படை நூலகத்தில் தனித்தனிப் பெயர் தருவதற்கு ஜாவா மொழிக்கு 18 ஆண்டுகள் தேவைப்பட்டன. இடைப்பட்ட காலத்தின் விலையைத் தரவுத்தளங்கள் செலுத்தின.

1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் தொடர்புசார் தரவு மாதிரியை முன்வைத்த கட்டுரையிலேயே முதன்மைத் திறவுகோல் என்னும் கருத்து இடம்பெற்றது: ஒரு நிரையை ஐயமின்றி அடையாளம் காட்டும் மதிப்பு, அல்லது மதிப்புகளின் சேர்க்கை. மழைப் பதிவேட்டுக்கு நிலையமும் நாளும் சேர்ந்ததே இயல்பான திறவுகோல். 1992ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலை, நாளுக்கு ‘டேட்’ என்றும், நாளோடு நேரமும் சேர்ந்ததற்கு ‘டைம்ஸ்டாம்ப்’ என்றும் இரு வகைகளை வகுத்தது. தரவுத்தளத்தின் பக்கம் சொல் தெளிவாகவே இருந்தது.

1996இல் வெளிவந்த ஜாவா, ‘டேட்’ என்ற பெயரையே வேறொன்றுக்குச் சூட்டியது. அந்த மொழியில் ‘டேட்’ என்பது 1970 ஜனவரி 1 முதல் கடந்துபோன மில்லிவிநாடிகளின் எண்ணிக்கை. அதாவது ஒரு கணம். அடுத்த ஆண்டு, தரவுத்தள இணைப்புக்கென அதே பெயரில் இன்னொரு வகை சேர்க்கப்பட்டது. நாளைக் குறிக்க வந்த அதுவும் முந்தையதன் வழித்தோன்றலாகவே அமைந்தது. நாள் என்பது ‘நள்ளிரவுக் கணம்’ எனச் சுருங்கியது. எந்த ஊரின் நள்ளிரவு என்ற கேள்வி விடையின்றி நின்றது.

2001இல் ஹைபர்னேட்டும், 2006இல் ஜேபிஏ தரநிலையும் அட்டவணை நிரைகளை நிரலின் ஆப்ஜெக்டுகளாக மாற்றித் தரும் பணியை ஏற்றபோது அக்கேள்வி கூர்மையடைந்தது. இத்தகைய மென்பொருள், ஒரு பணியமர்வுக்குள் ஒரு திறவுகோலுக்கு ஒரே ஆப்ஜெக்ட் என்னும் உறுதியைக் காக்க வேண்டும். காலை 10.15 என்னும் நேரத்தையும் சுமந்த திறவுகோலோடு ஒரு பதிவு சேமிக்கப்படுகிறது என்க. நாள் மட்டும் கொள்ளும் நிரல் அந்த நேரத்தை உதிர்த்துவிடுகிறது. மீண்டும் படிக்கையில் நள்ளிரவாகத் திரும்பும் மதிப்பு, நினைவகத்தில் உள்ளதோடு பொருந்துவதில்லை. ஒரே நிரைக்கு இரண்டு ஆப்ஜெக்டுகள் தோன்றுகின்றன. பழைய ‘டேட்’டின் மதிப்பை உருவாக்கிய பின்னும் மாற்ற முடியும் என்பது இன்னொரு இடர்: மாற்றியதும், அதை வைத்து நினைவகத்தில் அடுக்கப்பட்ட பதிவைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாமற் போகும்.

இந்தியச் சூழலில் இது மேலும் கடுமையானது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. எனவே ஜூலை 15இன் இந்திய நள்ளிரவு, பொது நேரத்தில் ஜூலை 14 மாலை 6.30. பொது நேரத்தில் இயங்கும் வழங்கிக்கு அக்கணத்தை அனுப்பினால், அது 14ஆம் தேதியின் திறவுகோலாக எழுதப்படலாம். சாதாரணப் புலத்தில் இது ஒரு பிழையான மதிப்பு. திறவுகோலில் நிகழ்ந்தாலோ இன்னொரு நாளின் அடையாளத்தையே பறிப்பது.

2014 மார்ச்சில், ஸ்டீபன் கோல்போர்ன் முதலியோரின் உழைப்பால், ஜாவா 8 நாளுக்கு ‘லோக்கல்டேட்’ என்றும் கணத்துக்கு ‘இன்ஸ்டன்ட்’ என்றும் மாற்றவியலாத தனித்தனி வகைகளைத் தந்தது. ‘லோக்கல்டேட்’டை 2017இல் ஜேபிஏ 2.2 ஏற்றுக்கொண்டது.

இடையில் பலர் வேறொரு தீர்வை நாடினர்: நாளைத் திறவுகோலாக்காமல், பொருளற்ற வரிசை எண்ணை வைத்துக்கொள்வது. பயனுள்ள வழிதான், ஆனால் சிக்கலை அது தீர்ப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒரு நிலையத்துக்கு ஒரு நாளில் ஒரே பதிவு என்னும் கட்டுப்பாட்டை அப்போதும் எழுதியாக வேண்டும். அங்கும் நாள் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும்.

பழைய பதிவேடுகள் பெருமளவில் கணினிக்கு ஏறிவரும் இக்காலத்தில் இது நிரலாளர்களின் கவலை மட்டும் அன்று. மழைமானியின் அருகே நின்று தேதியை எழுதியவர் ஒரு நாளைத்தான் எழுதினார். அதைக் கணமாக மாற்றிச் சேமிக்கும் அட்டவணை, அவர் எழுதாத ஒன்றை அவர் பெயரில் சேர்க்கிறது.