பார்தெல் குறியீடு

பக்கவாதம், தலைக்காயம், தண்டுவடப் பாதிப்பு ஆகியவற்றால் முடங்கியவர் அன்றாட வேலைகளை எந்த அளவுக்கு ஆள்துணை இல்லாமல் செய்துகொள்கிறார் என்பதை 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாகச் சொல்லும் அளவுகோல். நரம்பியல் மறுவாழ்வுச் சிகிச்சையின் பலனை அளக்க உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுபவற்றுள் ஒன்று.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் நாட்பட்ட நோய் மருத்துவமனைகளில் 1955 முதல் இது புழக்கத்தில் இருந்தது. மருத்துவர் புளோரன்ஸ் மஹோனியும் இயன்முறைச் சிகிச்சையாளர் டோரத்தியா பார்தெலும் 1965இல் அம்மாநில மருத்துவ இதழில் இதை வெளியிட்டனர். நோயாளியின் ஏட்டில் ‘தேறியிருக்கிறார்’ என்று எழுதினால், எவ்வளவு என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அடுத்த வார்டில் இருப்பவருக்கும் அது புரிய வேண்டுமானால் ஒரு பொதுக்கணக்கு வேண்டியிருந்தது.

சாப்பிடுவது, குளிப்பது, முகம் கழுவித் தலைவாருவது, உடுத்துவது, மலத்தையும் சிறுநீரையும் அடக்குவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது என இதில் 10 கூறுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. குளிப்பதற்கு 5, உடுத்துவதற்கு 10, நடப்பதற்கும் நாற்காலிக்கு மாறுவதற்கும் 15. உதவிக்கு எவ்வளவு ஆளும் நேரமும் தேவைப்படும் என்பதை ஒட்டியே இந்த ஏற்றத்தாழ்வு.

நாற்காலிக்கு மாறும் கூறை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சக்கர நாற்காலியைக் கட்டிலருகே கொண்டுவந்து, பிரேக் போட்டு, கால்பலகையைத் தூக்கிவிட்டு, கட்டிலுக்கு மாறிப் படுத்து, மறுபடி எழுந்து உட்கார்ந்து, நாற்காலிக்குத் திரும்ப வேண்டும். அத்தனையும் தானாகச் செய்தால் 15. யாராவது பக்கத்தில் நின்று ‘பிரேக்கைப் போடுங்க’ என்று நினைவூட்ட நேர்ந்தாலே 10. எழுந்து உட்கார முடிகிறது, ஆனால் தூக்கித்தான் இறக்க வேண்டும் என்றால் 5. மேற்பார்வை தேவைப்படுவதையும் உதவியாகவே கொண்ட இந்தக் கண்டிப்புதான் குறியீட்டின் பலம் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போனபின் பக்கத்தில் நிற்க ஒருவர் இருப்பாரா என்பதே குடும்பத்தின் முதல் கவலை.

1988இல் பிரிட்டனில் டெரிக் வேடும் கிறிஸ்டின் காலினும் இதை 20 மதிப்பெண்ணுக்குச் சுருக்கினர். நோயாளியால் என்ன முடியும் என்பதை விட்டு, அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதையே பதிய வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. சிகிச்சைக் கூடத்தில் படியேறிக் காட்டுபவர் வார்டில் நாள் முழுதும் படுத்தே கிடந்தால் மதிப்பெண் இல்லை. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தின் பயனை நிறுவிய 1995ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்விலும், மூன்று மாதம் கழித்துப் பார்க்கப்பட்ட அளவுகளில் இதுவும் ஒன்று.

முழு 100 பெற்றவர் தனியே வாழ்ந்துவிடுவார் என்று பொருளல்ல எனப் படைத்தவர்களே 1965இல் எச்சரித்திருந்தார்கள். சமைக்க, வீட்டைப் பார்த்துக்கொள்ள, நாலு பேரோடு பழக அவரால் முடியாமலிருக்கலாம். பேச்சு, நினைவாற்றல், புரிதல் எதற்கும் இதில் இடமில்லை. பேச்சிழந்து கண்கலங்கி உட்கார்ந்திருப்பவரும் 100 வாங்கக்கூடும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. வலக்கை விழுந்தவர் இடக்கையால் தானே சாப்பிட்டால் கணக்கில் முழு 10. ஆனால் பந்தியில் உட்காரக் கூசி, விசேஷ வீடுகளுக்குப் போவதையே அவர் விட்டிருப்பார்.

பேச்சும் நினைவாற்றலும் புரிதலும் விடுபட்ட இடைவெளியை நிரப்ப 1980களில் அமெரிக்காவில் கார்ல் கிரேஞ்சர் முதலானோர் ‘ஃபிம்’ என்ற அளவுகோலை உருவாக்கினர். 18 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. அவற்றுள் 5 அறிவும் பேச்சும் சார்ந்தவை. 2002இலிருந்து அந்நாட்டு அரசு காப்பீட்டில் உள்நோயாளி மறுவாழ்வுக்கான கட்டணத்தை வகுக்கவும் அதன் கூறுகள் பயன்பட்டன. 2019 அக்டோபரில் அவை நீக்கப்பட்டு வேறு கூறுகள் வந்தன.

இன்னொரு வழி 1968இல் மனநலத் துறையில் கிரெசுக், ஷெர்மன் இருவரும் வகுத்த இலக்கு எட்டல் அளவீடு. லின் டர்னர்-ஸ்டோக்ஸ் போன்றோரின் முயற்சியால் பிரிட்டனின் நரம்பியல் மறுவாழ்வில் அது வேரூன்றியது. இதில் கேள்விகளை முன்கூட்டி அச்சிட்டு வைப்பதில்லை. இலக்கை நோயாளியோடு பேசி முடிவுசெய்கிறார்கள். பார்தெல் குறியீட்டில் தன் தலையைத் தானே வாரிக்கொள்வதற்கு ஒரு வரி உண்டு. பேத்திக்குச் சடை பின்னிவிட வேண்டும் என்பவருக்கு வரி கிடையாது. இங்கே அதுவே இலக்காக எழுதப்படும். எதிர்பார்த்தபடி பின்னினால் 0, அதைவிட நன்றாகச் செய்தால் +1 அல்லது +2, குறைந்தால் -1 அல்லது -2.